பதினொரு மொட்டைகளும் என் மாமாவும்

சிங்கப்பூர் பேரர் பார்க் திடலின் ஓரத்தில் நின்று தொண்டை வற்றக் கத்தியவர்களில் சிலராவது இன்னும் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதைப் படித்துவிட்டு, “அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றேன்” என்று ஒருவர் சொன்னால் போதும், எனக்குப் பெரிய உதவி. சாட்சிக்கு என்னிடம் ஒரு புகைப்படம்கூட மிச்சமில்லை.

ஆண்டு 1958. ஊகமாகச் சொல்லவில்லை. நான் அப்போது நான்காம் வகுப்பு. சிராங்கூன் ரோட்டில் டிராலி பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு தைப்பூசம் முடிந்து இரண்டு வாரத்தில் சீனப் புத்தாண்டு வந்துவிட்டது. இடையில் இரண்டு சனிக்கிழமைகள்தான். பழைய பஞ்சாங்கத்தையும் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். நான் சொல்லப்போகும் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது முதல் சனிக்கிழமை. இரண்டாவது சனிக்கிழமையாக இருந்திருந்தால் தலைகளில் முடி முளைக்கத் தொடங்கியிருக்கும். இந்தச் சங்கதியே நடந்திருக்காது.

நாங்கள் தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடையின் மாடியில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, செம்பவாங் கடற்படைத் தளத்தில் (எங்கள் வாயில் அது ‘பேஸ்’) வேலை பார்த்தார். வாரம் முழுதும் அங்கே. சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் எங்கள் தெரு அணியில் பந்தாடுவதற்காகப் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது அவருடைய சட்டையில் இரும்புத்தூளும் பெயின்டும் சேர்ந்த ஒரு வாசனை வரும். எனக்கு அது சனிக்கிழமையின் வாசனை.

மாமாவின் முடியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுருட்டை முடி. முன்பக்கத்தைத் தண்ணீரும் கிரீமும் போட்டு மேலே தூக்கி, ஒரு பக்கமாக வளைத்து விடுவார். கண்ணாடி முன்னால் இருபது நிமிடம் ஆகும். பந்தைத் தலையால் முட்டினாலும் அந்த வளைவு கலையாது என்று தெருவில் பேச்சு. முந்தைய மாதம் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அவருடைய படம் தபால்தலை அளவில் வந்தது. மை அப்பி முகம் சுத்தமாகத் தெரியவில்லை. முடி மட்டும் பிரமாதமாக விழுந்திருந்தது. அதை வெட்டி என் புவியியல் புத்தகத்தில் வைத்திருந்தேன். புத்தகமும் போய்விட்டது, படமும் போய்விட்டது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செலக்டர் சொல்லி அனுப்பினார். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மலாயாவுக்குப் போய் ஆடுவதற்கு இந்திய ஆட்டக்காரர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். “இடப்பக்கம் ஆடுற சுருட்டை முடிப் பையனை இறுதி ஆட்டத்துல பாக்குறேன். நல்லா இருந்தா எடுத்துக்கறேன்” என்பது செய்தி.

மாமாவுக்கு இருபத்தேழு வயது. மூன்று வருடமாக இந்தச் செய்திக்காகக் காத்திருந்தவர். அப்பா வேறு கெடு வைத்துவிட்டார்.

“மாப்ளே, இந்த வருஷமும் எடுக்கலேன்னா பந்தை விட்டுடணும். பேஸ்ல ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் தர்றான்னு நீயே சொல்ற. அக்காவும் பொண்ணு பாக்கணும்னு நிக்கிறா. எத்தனை நாளைக்கு முட்டியில பேண்டேஜ் கட்டிக்கிட்டு அலைவ?”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “சரி அத்தான். இதுதான் கடைசி” என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் மாற்றமாட்டார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

எங்கள் தெரு அணியின் தலைவர் தையல்காரர். நீலச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தவரும் அவரே. முதுகில் எண் கிடையாது. எதற்கு எண், எல்லாரையும் எல்லாருக்கும் தெரியுமே என்பது அவர் கட்சி. மூன்று வருடமாக முதல் சுற்றிலேயே தோற்று வந்த அணி அது. இந்த முறை எப்படியோ அரையிறுதி வரை வந்ததும் தையல்காரருக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கோயிலில் போய் நின்று, “முருகா, இறுதி ஆட்டத்துக்குப் போயிட்டா பதினொரு பேரும் தைப்பூசத்துக்கு மொட்டை போடறோம்” என்று எல்லார் தலைக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவரிடமும் கேட்கவில்லை. அரையிறுதியில் ஜெயித்துவிட்டார்கள்.

மாமா எங்கள் மாடிப்படியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, செலக்டர் என் முடியை அடையாளம் வச்சுத்தான் வர்றாரு. நான் மட்டும் ஆட்டம் முடிஞ்ச மறுநாள் போட்டுக்கறேனே.”

“சாமிகிட்ட லீவு கேக்குறியா? பதினொரு தலைன்னு சொல்லியாச்சு. பத்துத் தலையோட போய் நின்னா அவருக்கு எண்ணத் தெரியாதா லா?” தையல்காரருக்குப் பேச்சின் முடிவில் சிங்கப்பூர் ‘லா’ இல்லாமல் வராது.

“வேணும்னா கோல்கீப்பரை விட்டுடுங்க. அவன் வேதக்காரன்.”

“அவனே சரின்னுட்டான். உனக்கு என்ன?”

அது உண்மை. மாதா கோயிலுக்குப் போகும் கோல்கீப்பர், “அணின்னா அணிதான்” என்று சொல்லித் தலையைக் குனிந்துவிட்டார். தன் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று கோயிலின் பின்புறம் குழாயடியில் பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமாவின் முடி ஈரத்தோடு தரையில் விழுந்ததை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது மாமா இல்லை. குளித்து, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, வேட்டி கட்டிய ஒரு கூட்டம் நின்றது. அம்மா துண்டை எடுத்துக்கொண்டு போய், “துவட்டு தம்பி, சளி பிடிச்சுக்கும்” என்று அதே அணியில் ஆடிய ரொட்டிக்காரரின் தோளில் போட்டார். ரொட்டிக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு துவட்டிக்கொண்டார். மாமா பின்னாலிருந்து, “அக்கா, நான் இங்க இருக்கேன்” என்றார். குரல் மாமாவுடையது. முகம் யாருடையதோ. காதுகள் இவ்வளவு பெரியவை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை வந்தது. ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு. நாங்கள் மூன்றரைக்கே திடலில் இருந்தோம். கச்சான் பூத்தே என்ற வறுத்த கடலை வகைகள் விற்பவரும் ஐஸ் பந்து விற்பவரும் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். சிவப்பும் பச்சையுமாகப் பாகு ஊற்றிய ஐஸ் பந்தைக் கையில் வாங்கி உறிஞ்சினால் முழங்கை வரை ஒழுகும். அன்று ஒழுகியதை நான் கவனிக்கவே இல்லை.

மரத்தடியில் எங்கள் ஆட்கள் பனியனோடு உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தையல்காரர் எல்லார் தலையிலும் புதுச் சந்தனம் அப்பிவிட்டிருந்தார். பதினொரு மஞ்சள் தலைகள். அப்போதுதான் கறுப்புக் குடையோடு ஓர் அம்மா வேகமாக நடந்து வந்தார். கோல்கீப்பரின் தாயார். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். வந்த வேகத்தில், குனிந்திருந்த ஒரு தலையில் குடையால் ஒரு போடு போட்டார்.

“பாவி! சாமியார் மூஞ்சியில நாளைக்கு நான் எப்படிடா முழிப்பேன்? உங்கப்பா இருந்திருந்தா உன்னை வீட்டுக்குள்ள விட்டிருப்பாரா?”

“ஆன்ட்டி, ஆன்ட்டி! நான் அவன் இல்ல!” என்று தலை நிமிர்ந்தது. என் மாமா.

அந்த அம்மா குடையை ஓங்கியபடியே மற்ற பத்துத் தலைகளையும் பார்த்தார். பத்தும் ஒரே மாதிரி அவரைப் பார்த்தன. நிஜமான மகன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். “எவன்டா என் பிள்ளை? நீயாவே எழுந்திரு!” என்று அந்த அம்மா அதட்ட, தையல்காரர் உட்பட ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குடையை விரித்துக்கொண்டு கோல்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். ஆட்டம் முடியும் வரை அங்கேயே நின்றார்.

எதிரணி கத்தோங் பக்கத்திலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், யுரேசியர்கள் கலந்த பலமான அணி. எங்கள் ஆட்கள் வரிசையாகத் திடலுக்குள் ஓடியதும் அவர்கள் பக்கத்துக் கூட்டம் “போத்தாக்! போத்தாக்!” என்று கத்தத் தொடங்கியது. மலாயில் மொட்டைக்கு அதுதான் சொல். நாங்களும் விடாமல் அதையே எங்கள் கோஷமாக்கிக்கொண்டோம். ஆக, திடலின் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் வெள்ளைக் காற்சட்டையும் சோலாத் தொப்பியும் தடித்த கண்ணாடியுமாக ஒருவர் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். கையில் கறுப்பு அட்டை போட்ட குறிப்புப் புத்தகம். அப்பா தொப்பென்று கையிலிருந்த கச்சானைக் கீழே போட்டுவிட்டு வணக்கம் சொன்னார். செலக்டர்!

அவர் திடலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“என்ன இது? சுருட்டை முடிப் பையன் எங்கே?”

அப்பா வேண்டுதலை விளக்கினார். செலக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “சரி, பரவாயில்லை. இடப்பக்கம்தானே ஆடுவான். பார்த்துக்கறேன்.”

முதல் பாதியில் அவருக்கும் சிரமம் இல்லை, எனக்கும் இல்லை. இடப்பக்கம் இருந்தவர் மாமா. ஆனால் மாமா ஆடியதைச் சொல்ல இன்றைக்கும் மனம் வரவில்லை. சந்தனம் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியது. பந்து காலுக்கு வந்தால் காலுக்குள்ளேயே சிக்கியது. செலக்டர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். எதிரணி ஒரு கோல் போட்டது. அப்பா, “போச்சு, ஓவர்டைம்தான்” என்று முணுமுணுத்தார். அம்மா அவரை முறைத்தார்.

இடைவேளையில் ஆரஞ்சுத் துண்டுகள் இருந்த எனாமல் தட்டை நான்தான் கொண்டுபோனேன். தையல்காரர் துண்டைச் சப்பிக்கொண்டே சொன்னார்:

“நம்மள்ல யாரு யாருன்னு அவங்களுக்குத் தெரியல. கவனிச்சீங்களா? ரொட்டிக்காரன் இடிச்சதுக்கு நடுவர் என்னைத் திட்டினாரு. இனிமே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுங்க. இடப்பக்கம் வலப்பக்கம், பின்னால முன்னால. அவனுங்க யாரைத்தான் மறிப்பானுங்க பாப்போம்!”

“அண்ணே, செலக்டர்...” என்று மாமா இழுத்தார்.

“முதல்ல கப்பு. அப்புறம் செலக்டர்.”

பிறகு நடந்ததை நினைத்தால் இந்த வயதிலும் என்னால் உட்கார முடியவில்லை. பதினொரு மொட்டைகளில் கோல்கீப்பர் தவிர்த்துப் பத்தும் திடல் முழுக்கக் கலைந்து ஓடின. எதிரணித் தடுப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரித்தார்கள். தாங்கள் மறித்துக்கொண்டிருந்த ஆள் எதிரே வருவான், திரும்பினால் பின்னாலும் நிற்பான். தோல் பந்து தலைகளில் பட்டுப் பட்டு மஞ்சளாகிவிட்டது. எங்கள் பக்கம் உருண்டு வந்தபோது நான் எடுத்துக் கொடுத்தேன். கையெல்லாம் சந்தன மணம்.

செலக்டர் குனிந்து என்னிடம் கேட்டார். “பாப்பா, இவங்கள்ல உன் மாமா யாரு?”

எனக்குத் தெரியவில்லை. சூரியன் எதிரே இருந்தது, எல்லாரும் ஒரே நீலம், ஒரே மஞ்சள். ஆனால் என் சொந்த மாமாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? அந்த நொடியில் ஒரு மொட்டை, நடுவிலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு போய், இருவரைத் தாண்டி, ஒரே உதை. கோல்!

“அதோ! அதான் எங்க மாமா!” என்று குதித்தேன்.

செலக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

பத்து நிமிடம் கழித்து எதிரணியின் பந்து எங்கள் கோல்கீப்பரைத் தாண்டிப் போய்விட்டது. கோட்டின் மேல் ஒரு மொட்டை பாய்ந்து தலையால் வெளியே தள்ளியது. கோல்கீப்பரின் அம்மா குடையை மேலே எறிந்தார்.

“இது யாரு?”

“மாமாதான்!”

“பின்னாலயும் வர்றானா!” என்று வியந்துகொண்டே செலக்டர் எழுதினார். யார் நன்றாக ஆடினாரோ அவர் என் மாமா. அதுதான் அன்று எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம். நான் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. எழுபது கடந்த பிறகு யோசித்தால், என்னைவிட அவர்தான் விநோதம். அத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் புளுகைக் கேட்டவர், ஒன்பது வயதுக் குழந்தையை நம்பி எப்படி எழுதினார்?

கடைசியில் எங்களுக்குச் சில கார்னர்கள் கிடைத்தன. தூர மூலையில் யாரோ ஒரு மொட்டை பந்தை வைத்து இடது காலால் உதைத்தது. பந்து வெளியே போவதுபோல் போய், திடீரென்று உள்ளே வளைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வளைந்து வந்தபோது கோல்வாயில் நான்கைந்து மஞ்சள் தலைகள் ஒன்றாக எழும்பின. எந்தத் தலை என்று இன்றுவரை தகராறு. பந்து வலைக்குள் இருந்தது.

“அந்தக் கார்னர் எடுத்தது யாரு பாப்பா?” செலக்டர் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

நான் கோல்வாயில் மாமாவைத் தேடிக்கொண்டிருந்தேன். “தெரியல!” என்றேன்.

இரண்டுக்கு ஒன்று. விசில். கூட்டம் உள்ளே பாய்ந்தது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதை அன்றுதான் பார்த்தேன். அப்பா யாரோ ஒரு மொட்டையைக் கட்டிப்பிடித்து, அது மாமா இல்லை என்று தெரிந்த பிறகும் விடவில்லை.

செலக்டர் நிதானமாக நடந்து வந்து மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நேராகத் தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“என்ன ஆட்டம் தம்பி! நடுவுல இருந்து போட்ட அந்த கோல்! எழுதியாச்சு. மார்ச்ல மலாயா.”

தையல்காரர் மலங்க மலங்க விழித்தார். “சார், நான் அவன் இல்லை. அவன் இவன்” என்று மாமாவை இழுத்து முன்னால் நிறுத்தினார். சிரிப்பு கிளம்பியது. செலக்டரும் சிரித்துக்கொண்டே மாமாவின் கையைக் குலுக்கினார். “எல்லாம் ஒரே தலையா இருக்கு! சரி, நீதானே அந்த கோல்?”

அப்பா மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். பந்தை விடச் சொன்ன அதே அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு, “மாப்ளே, சும்மா இரு. அவர்தான் எழுதிட்டாருல்ல” என்றார். தையல்காரரும், “ஆமான்னு சொல்லு லா, எனக்கு எதுக்கு மலாயா? கடையை யாரு பாக்குறது?” என்று கிசுகிசுத்தார். நான் செய்த காரியம் எனக்கே அப்போதுதான் புரிந்தது.

மாமா தலையைத் துடைத்துக்கொண்டார். கை மஞ்சளானது.

“சார், அந்த கோல் அண்ணன் போட்டது. நான் இல்ல.”

“அப்ப கோட்டுல தலையால தள்ளினது?”

“ரொட்டிக்காரர்.”

“முதல் பாதியில இடப்பக்கம்...”

“அது நான்தான் சார்” என்றார் மாமா.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். செலக்டர் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தின் மேலே மாமாவின் பெயரும் அதன் கீழே நாலைந்து வரிகளும் இருந்தன. பென்சிலை அழுத்தி அவற்றின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. “உண்மையைச் சொன்னதுக்குச் சந்தோஷம் தம்பி” என்றார். மாமா தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அம்மா என் தோளை நெருடிக்கொண்டே இருந்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார் செலக்டர். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஓரத்துல இன்னொண்ணு எழுதியிருக்கேன். மூணு கார்னர், இடது கால், உள்ளே வளைஞ்சுது. இருபது வருஷத்துல நான் இப்படிப் பாத்ததில்ல. பேருக்கு இடம் விட்டிருக்கேன். இந்தப் பாப்பாவுக்கும் தெரியலேன்னுது. அது யாரு?”

தையல்காரர், ரொட்டிக்காரர், கோல்கீப்பர், கோல்கீப்பரின் அம்மா எல்லாரும் ஒரே நேரத்தில் மாமாவின் முதுகைக் காட்டினார்கள். அந்த அம்மா குடையால் காட்டினார்.

“நிஜமாவா?” என்றார் செலக்டர், மாமாவிடமே.

“கார்னர் மட்டும்தான் சார் இன்னைக்கு ஒழுங்கா வந்துச்சு.”

செலக்டர் பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். மேலே மாமாவின் பெயர் அடிபட்டுக் கிடந்தது. கீழே, ஓரத்தில் விட்டிருந்த வெற்றிடத்தில், அதே பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

என்ன சத்தம்! தையல்காரர் மாமாவைத் தூக்க, ரொட்டிக்காரர் தையல்காரரையும் சேர்த்துத் தூக்க முயல, மூவரும் புல்லில் விழுந்தார்கள். மாமா எழுந்து வந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள முடி இல்லை. அந்தப் பெரிய காதுகளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆட்டம் முழுக்க யாரைப் பாத்துக்கிட்டு இருந்தே பாப்பா?” என்று கேட்டார்.

“உங்களைத்தான் மாமா” என்றேன்.